83 வயதுப் பாட்டி ஏறிய மலை!

பாட்டிக்கு வயது 83.

அந்த வயதில் மற்றவர்கள் மாடிப்படி ஏறவே யோசிப்பார்கள். இந்தப் பாட்டியோ மலை ஏறப் புறப்பட்டார்.

சாதாரண மலை அல்ல. பாறைகள் நிறைந்த மலை. சுவர் போலச் செங்குத்தாக நிற்கும் மலை. அதன் அடிவாரத்தை அடைவதற்கே சேற்றிலும் கல்லிலும் பல கிலோ மீட்டர் தூரம் நடக்க வேண்டும்.

பாட்டி மலைத்துப் போய்விடவில்லை. நடந்தார்; ஏறினார்; கடைசியில் உச்சியில் போய் நின்றார்!

இது கட்டுக்கதை அல்ல. உண்மையில் நடந்தது.

அந்தப் பாட்டியின் பெயர் ஷீலா ஹான்காக். இங்கிலாந்தின் புகழ் பெற்ற நடிகை. "ஈடி" என்ற சினிமாப் படத்துக்காக அவர் அந்த மலையில் ஏறினார். படம் 2018-ம் ஆண்டு இங்கிலாந்தில் திரைக்கு வந்தது.

படத்தின் கதை இதுதான்: ஈடி என்ற பெண்ணுக்கு இளமையில் ஒரு மலையில் ஏற ஆசை. கணவர் விடவில்லை. பிறகு அவர் நோயில் விழுந்தார். அவருக்குப் பணிவிடை செய்வதிலேயே அவளுடைய காலம் கழிந்துவிட்டது. கணவர் இறந்த பிறகு மகள் அவளை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் பார்க்கிறாள். கிழவி பையைத் தூக்கிக்கொண்டு ரெயில் ஏறிவிடுகிறாள். அந்தப் பழைய மலையைத் தேடிப் போகிறாள்!

ஈடி கதையில் வரும் பெண். ஆனால் அவள் தேடிப்போன மலை நிஜ மலை. அதன் பெயர் சூல்வென்.

எங்கே இருக்கிறது?

பிரிட்டனின் வட பகுதி ஸ்காட்லாந்து. அதன் வடமேற்கு மூலையில், கடல் ஓரத்தில் இருக்கிறது அசின்ட் என்ற வட்டாரம். அங்கே லாக்கின்வர் என்று ஒரு சிறிய துறைமுக ஊர். மீன்பிடி படகுகள் வந்து நிற்கும் ஊர்.

அந்த ஊரிலிருந்து கிழக்கே பார்த்தால் சூல்வென் தெரியும். கவிழ்த்து வைத்த பெரிய பானையைப் போல உருண்டையாக, தன்னந்தனியாக நிற்கும்.

ஆனால் ஏமாந்துவிடக் கூடாது! பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அதே மலை இரண்டு கிலோ மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்தால் ஊசி போலக் கூர்மையாக நிற்கும். ஒரே மலைதான், பார்க்கும் இடத்துக்கு ஏற்ப உருவம் மாறுகிறது.

சூல்வென் என்றால் "தூண் மலை" என்று பொருள். பழங்காலத்தில் கடல் கடந்து வந்த வைக்கிங் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் இது. கடலிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தூண் போலத் தெரிந்ததில் வியப்பு இல்லை.

உயரம் எவ்வளவு? 731 மீட்டர்தான். அதாவது 2,398 அடி. பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் மலையின் உயரம் 1,345 மீட்டர். அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் கானிஸ்ப் என்ற மலைகூட இதைவிட உயரம்.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு. ஹியூ மன்ரோ என்பவர் 1891-ம் ஆண்டு வெளியிட்டது. அந்த மலைகளை எல்லாம் ஏறி முடிப்பதையே விரதமாகக் கொண்டவர்கள் பல பேர். சூல்வெனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

ஆனாலும் சூல்வெனைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது!

300 கோடி ஆண்டுப் பாறை

சூல்வென் இப்படித் தனியாக நிற்பது ஏன்?

அடியில் கிடக்கும் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதானது. "நைஸ்" என்று அதற்குப் பெயர். சாம்பல் நிறத்தில், வரி வரியாக இருக்கும். ஐரோப்பாவிலேயே மிகப் பழைய பாறைகளில் இதுவும் ஒன்று.

சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய ஆறுகள் மணலை அடித்து வந்து அந்தப் பாறையின் மேல் கொட்டின. அப்போது பூமியில் மரமும் கிடையாது, விலங்கும் கிடையாது. வெறும் கல்லும் மணலும் தண்ணீரும்தான். அந்த மணல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, இறுகி, சிவந்த மணற்கல் ஆயிற்று. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுவதையும் அது கனமாக மூடியிருந்தது.

பிறகு தண்ணீரும் காற்றும் அதை அரித்தன. கடைசியில் பனிக்கட்டி வந்தது. நிலத்தின் மேல் பனி மலை மலையாகக் குவிந்து, கனம் தாங்காமல் மெல்ல நகர்ந்தது. நகர்ந்த பனி மணற்கல்லை வழித்து எடுத்துக்கொண்டு போயிற்று. தோசைக் கல்லைச் சுரண்டுவது போல!

சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் பனி முழுவதும் உருகிற்று. அங்கங்கே மிச்சம் நின்ற மணற்கல் துண்டுகளே இன்றைய மலைகள். அவற்றில் ஒன்று சூல்வென்.

பனி சுரண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கிற்று. அவை இன்று ஏரிகளாகவும் குட்டைகளாகவும் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

நடந்து போகும் வழி

சூல்வெனுக்குக் கார் போகாது, பஸ் போகாது. கால்தான் வாகனம்.

லாக்கின்வரிலிருந்து ஒரு சிறு சாலை கிளென்கானிஸ்ப் என்ற பழைய மாளிகையின் பக்கம் போகிறது. சாலை முடிந்ததும் நடை தொடங்குகிறது. மலை உச்சிக்குப் போய்த் திரும்ப சுமார் 20 கிலோ மீட்டர். பழக்கம் உள்ளவர்களுக்கே ஏழு மணி முதல் ஒன்பது மணி நேரம் ஆகும்.

முதல் பகுதி எளிது. ஏரி ஓரமாகவும் மேட்டு நிலத்திலும் பாதை போகும். இரு பக்கமும் ஹீதர் என்ற குட்டைப் புதர். ஆகஸ்டு மாதத்தில் அது ஊதா நிறத்தில் பூத்துத் தரையெல்லாம் கம்பளம் விரித்தது போல இருக்கும்.

வழியில் பாதைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல் வீடு. பெயர் சூலேக். அதன் கதவுக்குப் பூட்டு கிடையாது! மழையில் அகப்பட்டவர்களும் இரவு தங்க விரும்புகிறவர்களும் உள்ளே போய்த் தங்கலாம். வாடகை இல்லை. கட்டிலும் இல்லை; மின்சார விளக்கும் இல்லை. இம்மாதிரி வீடுகளைப் பழுது பார்ப்பதற்கென்றே 1965-ல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் தாங்களே வந்து கூரையையும் சுவரையும் சரி செய்கிறார்கள். தங்குகிறவர்கள் குப்பையைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதுதான் கட்டணம்.

அதற்கு அப்பால் ஒரு பாலம். பாலத்தைக் கடந்த பிறகு பாதை மலையை நோக்கித் திரும்புகிறது. இனிமேல் சதுப்பு நிலம். கால் வைத்தால் புதையும் கறுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகள் பாதி மக்கிச் சேர்ந்த மண் அது. அதை வெட்டிக் காயவைத்து அடுப்பு எரிப்பது அங்கே பழைய வழக்கம்.

பிறகுதான் சோதனை! மலையின் நடுவில் ஒரு கணவாய். அதற்கு ஏறும் வழி செங்குத்தானது. சரளைக் கல் காலுக்கு அடியில் உருளும். பத்து அடி ஏறுவது, மூச்சு வாங்குவது. மறுபடியும் பத்து அடி ஏறுவது. இப்படித்தான் எல்லோரும் ஏறுகிறார்கள்.

கணவாயை அடைந்ததும் மலையின் மறு பக்கம் திடீரென்று கண் முன்னே விரியும். நிற்கும் இடமோ குறுகலான முதுகு. இரு பக்கமும் பள்ளம்!

அங்கே இன்னொரு வியப்பு. அந்த உயரத்தில், மலை முதுகின் குறுக்கே ஒரு கல் சுவர்! சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை. கல்லின் மேல் கல் வைத்துக் கட்டிய சுவர். நாம் வெறுங்கையோடு ஏறுவதற்கே திணறும் இடத்தில் அவர்கள் எப்படி நின்று கட்டினார்களோ! நடப்பவர்கள் அந்தச் சுவரில் உள்ள வழியாகப் புகுந்து மேலே போகிறார்கள்.

உச்சியின் பெயர் "சாம்பல் நிறக் கோட்டை". கேலிக் என்ற ஸ்காட்லாந்து மொழியில் வைத்த பெயர் அது. கீழே இருந்து பார்க்கப் பயங்கரமான அந்த உச்சி, மேலே போனால் புல் முளைத்த அகலமான மேடு! உட்கார்ந்து சாப்பிடலாம்.

மேற்கே கடல். சுற்றிலும் ஏரிகள், கண்ணாடித் துண்டுகளை வாரி இறைத்தது போல. தூரத்தில் தனித்தனியாக நிற்கும் மலைகள். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் உள்ள லூயிஸ் தீவும் தெரியும்.

மானும் கழுகும்

இந்த மலைக் காட்டின் ராஜா செம்மான். பிரிட்டனில் தரையில் வாழும் காட்டு விலங்குகளில் அதுதான் பெரியது. ஆண் மானுக்குக் கிளை கிளையாகக் கொம்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் அது உதிர்ந்துவிடும். பிறகு புதிதாக முளைக்கும். இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் பெண் மான்களுக்காகச் சண்டை போடும். அப்போது அவை போடும் கர்ஜனை பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். மானா இப்படிக் கத்துகிறது என்று புதியவர்கள் திடுக்கிடுவார்கள்!

வானத்தில் பொன்னிறக் கழுகு வட்டமிடும். இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டர் அகலம் இருக்கும்.

ஏரிகளில் ஒரு நீர்ப்பறவை உண்டு. தொண்டை கறுப்பு, முதுகில் வெள்ளைக் கட்டங்கள். நீரில் முழுகி மீன் பிடிப்பதில் கெட்டிக்காரப் பறவை. ஆனால் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் நடக்க அதற்கு வராது. ஆகவே தண்ணீர் ஓரத்திலேயே முட்டையிடும். ஏரியில் தண்ணீர் ஏறினால் முட்டை போய்விடும். ஆள் நடமாட்டம் கண்டால் கூட்டை விட்டுப் போய்விடும். அதனால் கூடு கட்டும் காலத்தில் ஏரிக் கரையை விட்டு விலகி நடப்பது நல்லது.

சதுப்பு நிலத்தில் பூச்சி தின்னும் செடிகளும் இருக்கின்றன. இலையில் பனித்துளி போலப் பசை மின்னும். பூச்சி வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், அது செடிக்கு ஆகாரம்!

மரம் எங்கே? மனிதர் எங்கே?

இவ்வளவு தூரம் நடந்தவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தும். வழியெல்லாம் மரம் இல்லை. வீடும் இல்லை.

இயற்கையே அப்படித்தானா? இல்லை!

ஏரிகளின் நடுவில் சிறு தீவுகள் இருக்கின்றன. அங்கே மட்டும் மரங்கள் செழித்து நிற்கின்றன. ஏன் தெரியுமா? மானும் ஆடும் அங்கே எளிதில் போக முடியாது. மற்ற இடங்களில் முளைக்கும் கன்று தலை தூக்குவதற்குள் மான் தின்றுவிடுகிறது. மானைத் தின்ன ஓநாய் இருந்தது ஒரு காலம். சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதன் அதை அடியோடு அழித்துவிட்டான்.

ஆகவே, மான்களைக் குறைத்தால்தான் காடு வளரும் என்கிறார்கள் ஒரு சாரார். மான் வேட்டையிலும் இறைச்சியிலும் எங்களுக்கு வருமானம் வருகிறதே என்கிறார்கள் மற்றொரு சாரார். அந்த வட்டாரத்தில் இந்த வாதம் ஓயவில்லை.

மனிதர்களின் கதை அதைவிட வேதனையானது.

ஒரு காலத்தில் அசின்ட் பள்ளத்தாக்குகளில் குடியானவர்கள் வாழ்ந்தார்கள். மாடு வளர்த்தார்கள், தானியம் பயிரிட்டார்கள். ஆனால் நிலம் அவர்களுடையது அல்ல. எல்லாம் பெரிய பிரபுக்களுடையது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரபுக்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். குடியானவர் கொடுக்கும் குத்தகையைவிட ஆடு மேய்த்தால் லாபம் அதிகம் என்று கண்டார்கள்.

அவ்வளவுதான். குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பரம்பரையாக வாழ்ந்த வீட்டை விட்டுக் கடலோரத்துக் கல்லாங்காட்டுக்குப் போனார்கள். பலர் கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. பின்னால் ஆட்டு லாபம் குறைந்தபோது, செல்வந்தர்கள் மான் வேட்டையாட வந்தார்கள்.

இந்தப் பூமியை உயிராக நேசித்த கவிஞர் நார்மன் மக்கெய்க். அவர் எடின்பரோ நகரில் பள்ளி ஆசிரியர். கோடை விடுமுறை வந்தால் அசின்டுக்கு ஓடி வந்துவிடுவார். இந்த நிலம் உண்மையில் யாருடையது என்று கேட்டு அவர் ஒரு நீண்ட கவிதை எழுதினார்.

அந்தக் கேள்விக்கு ஊர் மக்களே ஒரு நாள் பதில் சொன்னார்கள்!

குடியானவர்கள் வாங்கிய நிலம்

1992-ம் ஆண்டு. லாக்கின்வருக்கு வடக்கே உள்ள நிலம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி திவாலாகிவிட்டது. நிலத்தைத் துண்டு துண்டாக விற்பதற்கு ஏற்பாடு நடந்தது.

அந்த நிலத்தில் சிறு குத்தகைக்காரர்கள் குடியிருந்தார்கள். அன்று துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் பலர். ஊர்க் கூட்டம் போட்டார்கள். "நாமே வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழுந்தது.

ஆனால் பணத்துக்கு எங்கே போவது? நன்கொடை கேட்டார்கள். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் பணம் வந்தது. 1993 பிப்ரவரியில் 3 லட்சம் பவுண்டு கொடுத்து, சுமார் 21,000 ஏக்கர் நிலத்தை வாங்கிவிட்டார்கள்! ஸ்காட்லாந்தில் குடியானவர்கள் இப்படிச் சேர்ந்து எஸ்டேட் வாங்கியது அதுவே முதல் தடவை. செய்தி நாடெங்கும் பரவிற்று.

சூல்வென் அந்த நிலத்தில் சேர்ந்தது அல்ல. அது தெற்கே உள்ள வேறொரு எஸ்டேட்டில் இருந்தது. ஒரு செல்வக் குடும்பத்தின் சொத்து.

2003-ம் ஆண்டு ஸ்காட்லாந்து பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதில் இரண்டு முக்கிய விஷயங்கள். ஒன்று: நிலம் யாருடையதாக இருந்தாலும், சேதம் செய்யாமல் யாரும் அதில் நடக்கலாம். இரண்டு: நாட்டுப்புறத்தில் நிலம் விலைக்கு வந்தால், முன்பே பதிவு செய்துகொண்ட ஊராருக்கே வாங்க முதல் உரிமை.

இரண்டே ஆண்டுகளில் வாய்ப்பு வந்தது. 2005-ல் கிளென்கானிஸ்ப், டிரம்ரூனி என்ற இரண்டு எஸ்டேட்டுகள் விலைக்கு வந்தன. மொத்தம் 44,000 ஏக்கர். அசின்ட் மக்கள் ஒரு ஸ்தாபனம் அமைத்தார்கள். பொது நிதியிலிருந்து உதவி கிடைத்தது. சுமார் 29 லட்சம் பவுண்டு விலை. எஸ்டேட் கைமாறியது.

அதில் ஏரிகள் இருந்தன. மான்கள் இருந்தன. பிரபுக்கள் வேட்டைக்கு வந்து தங்கிய மாளிகை இருந்தது.

சூல்வென் மலையும் இருந்தது!

மலைக்கு வந்த காயம்

சொந்தமானால் மட்டும் போதுமா? காப்பாற்ற வேண்டாமா?

புகழ் பரவப் பரவ, மலைக்கு வருகிறவர்கள் கூடினார்கள். ஈரமான சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் என்ன ஆகும்? பாதை சேறாயிற்று. சேற்றில் கால் வைக்க விரும்பாதவர்கள் ஓரமாக நடந்தார்கள். ஓரமும் சேறாயிற்று. இப்படியே பாதை அகன்றுகொண்டே போய், மலையின் மேல் ஆறாத புண் போலத் தெரிந்தது.

ஊர் ஸ்தாபனமும், ஜான் மூர் பெயரால் அமைந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் சேர்ந்து அதைச் சரி செய்யத் திட்டமிட்டன. 2017, 2018 ஆண்டுகளில் வேலை நடந்தது. கல் பதித்தார்கள். தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டினார்கள். சேறாகிப்போன ஓரங்களில் மீண்டும் புல் வளர வழி செய்தார்கள். பாதை குறுகிற்று, மலைக்கு நிம்மதி!

போகிறவர்கள் கவனிக்க

அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால் சில விஷயங்களை மறக்க வேண்டாம்.

மே, ஜூன் மாதங்கள் நல்லவை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பகல் ஆறரை மணி நேரம்தான். பனிக் காலத்தில் பழகாதவர்கள் ஏறவே கூடாது.

கோடையில் "மிட்ஜ்" என்ற பூச்சி வரும். கொசுவைவிடப் பொடி. காற்று இல்லாத மாலையில் கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். காற்று வீசினால் ஓடிவிடும்.

மழைக் கோட்டு, கம்பளிச் சட்டை, நல்ல பூட்ஸ், தேசப்படம், திசை காட்டும் கருவி, சாப்பாடு இவை அவசியம். காலையில் வெயில் காய்ந்தாலும் மதியம் மேகம் மூடிவிடலாம். மூடினால் உச்சியை மறந்துவிட்டுத் திரும்புவதே புத்திசாலித்தனம். மலை எங்கும் ஓடிப்போகாது.

முக்கியமாக, பதித்த கல்லின் மேலேயே நடக்க வேண்டும். சேற்றுக்குப் பயந்து ஓரம் போகக் கூடாது.

ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களையே வெளியே போகச் சொன்னார்கள். இன்று எங்கிருந்தோ வரும் 83 வயதுப் பாட்டியும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதே மண்ணில் நடந்து போகிறார். இரவு மழை வந்தால் ஒதுங்குவதற்குப் பூட்டாத வீடு ஒன்றும் அங்கே காத்திருக்கிறது!